அண்ணன் முறை

கல்லூரியில் என்னைக் காதலித்தவரை நான் அண்ணா என்று கூப்பிட வேண்டி வந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம், பிறகு சிரிப்பு வராது.

தருமபுரியில் படித்த காலம் முழுக்க ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். ஒரே சாதி, கட்டிக்கொள்ளும் முறை. யாரும் தடை சொல்ல மாட்டார்கள் என்று நம்பினேன். அவருடைய அப்பா மாரண்டஹள்ளிப் பக்கம் கிணறும் தென்னந்தோப்புமாக ஒரு இடம் பார்த்தார். இவரும் நல்ல பிள்ளையாகப் போய்த் தாலி கட்டிவிட்டு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கல்யாணப் பத்திரிகையைத் தோழி காட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்குக் கடத்தூரில் கல்யாணம் ஆனது. வந்த பிறகுதான் தெரிந்தது, அவர் கட்டியவள் என் கணவருக்குச் சித்தப்பா மகள். நாத்தனார் புருஷன் அண்ணன் முறை அல்லவா? காதுகுத்து, கருமாதி என்று எங்கே பார்த்தாலும் "வாங்கண்ணா" என்று சொம்புத் தண்ணீரை நீட்டினேன். அவரும் "நல்லா இருக்கியாம்மா" என்று வாங்கிக் குடித்தார். எனக்கு வயிறு எரியும்.

பிறகு என் கணவர் மாரடைப்பில் போனார். கொஞ்ச காலத்தில் இந்த அண்ணனின் மனைவியும் நோயில் படுத்துப் போய்ச் சேர்ந்தாள். நான் கடத்தூரில் தையல் கடை போட்டு மகளைப் படிக்க வைத்தேன். லைனிங் துணி எடுக்க மொரப்பூரில் ரயிலேறிச் சேலம் போவேன். அப்படிப் போன ஒருநாள் அதே பெட்டியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

நான் மாத நாவல் படிக்கிறவள். அதில் பிரிந்த காதலர்கள் சந்தித்தால் மழை பெய்யும், முந்தானை பறக்கும். எங்களுக்கு நடுவே ஒரு அம்மாள் முருங்கைக்காய் மூட்டையோடு உட்கார்ந்துகொண்டு சேலம் வரைக்கும் நகரவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் நரையைப் பார்த்தேன். வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு நான் துணி எடுக்கப் போகும் நாளிலெல்லாம் அவருக்கும் சேலத்தில் ஏதோ வேலை வந்தது. ஒருநாள் பிளாட்பாரத்தில் அவரே ஆரம்பித்தார்.

"அந்த முறை அவங்க ரெண்டு பேரால வந்தது. ரெண்டு பேருமே இப்ப இல்ல. இன்னும் நான் எதுக்கு உனக்கு அண்ணன்?"

"இத என்கிட்ட சொல்லாதீங்க. எங்க வூட்டுப் பெரியவங்க முன்னாடி சொல்லுங்க" என்றேன்.

எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஒளிந்து பேசுவதிலும் ரயில் பெட்டியில் பலகாரம் பங்கு போடுவதிலும் எனக்கு ஆசையில்லை. இவள் எனக்கு வேண்டும் என்று நாலு பேர் முன்னால் அவர் வாயால் சொல்ல வேண்டும். சின்ன வயதில் சொல்லாததை இப்போதாவது சொல்லட்டும்.

மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவர் போன் செய்தார். "உன் வூட்டுக்காரரோட அண்ணன்கிட்ட பேசிட்டன். மண்டபத்துல பாரு, நீயே தெரிஞ்சுக்குவ."

அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் பாவவில்லை. எனக்கென்று ஒரு பட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டேன், கழுத்து கொஞ்சம் இறக்கி.

எங்கள் பக்கம் முகூர்த்தத்துக்கு முன்னால் தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. பெரியப்பா மகன் வந்து நிற்பதாகப் பேச்சு. யார் நின்றாலும், பட்டம் கட்டியவன் அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு உடன்பிறந்தவன். அதற்கு மேல் அதில் பேச்சே கிடையாது.

"தாய்மாமன் வாங்க" என்று மேடையில் கூப்பிட்டார்கள். சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறி வந்தார். பட்டுப்புடவை, மாலை, பழம், எல்லாம் தயாராக வாங்கி வந்திருந்தார். யாரும் கடைசி நிமிடத்தில் அவரைப் பிடித்து மேடையேற்றிவிடவில்லை.

என் கணவரின் அண்ணன் என் பக்கம் குனிந்து, "போன வாரமே வந்து கேட்டுட்டாரும்மா, நாந்தான் செய்வன்னு. இந்தக் காலத்துல யாரு இப்படி வர்றாங்க?" என்றார்.

என் மகள் நெற்றியை நீட்டினாள். அவர் பட்டத்தைக் கட்டினார். அந்த இடத்திலேயே அவரை அறைந்திருப்பேன், மகள் முகத்தைப் பார்த்து நின்றேன்.

தாலி கட்டி முடிந்ததும் சமையல்கட்டுக்குப் பின்னால் வந்து நின்றார். தனக்குப் பெரிய யோசனை உதித்துவிட்ட மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

"கோவிச்சுக்காத. கட்டிக்கிட்டா ஊரு காறித் துப்பும். என் பையனுக்கு ஓசூர்ல பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கறோம். இப்ப பாரு, நான் எப்ப வேணா உன் வூட்டுக்கு வரலாம், போலாம். தங்கச்சி வூட்டுக்கு அண்ணன் வர்றத எவன் கேப்பான்?"

"அப்ப நான் யாரு உங்களுக்கு?"

"மெதுவா பேசு, ஆளுங்க வர்றாங்க."

திருட்டுத்தனமாக வந்து போக வழி தேடியிருக்கிறார். அதற்கு என் மகளின் நெற்றிதான் அவருக்குக் கிடைத்திருக்கிறது. இந்த மனிதனை நினைத்தா இத்தனை வருடம் வயிறு எரிந்தேன் என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பந்தியில் அவரைத் தாய்மாமன் என்று முதல் இலையில் உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் எங்கள் பங்காளிகள். நான் வடைத் தட்டோடு எதிரே போய் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அண்ணா, என் மகளுக்குச் செஞ்சிட்டீங்க. அப்படியே தங்கச்சிக்கும் ஒரு நல்ல மாப்பிள்ளையா பாருங்க. அண்ணன்தான பாக்கணும்?"

என் கணவரின் அண்ணன் பிசைந்த சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். முதல் இலையில் இருந்தவருக்கு முகம் வெளுத்தது. அவ்வளவு நடந்த பிறகும் எனக்கு ஒரு நப்பாசை. இப்போதாவது எழுந்து, இவளை நானே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட மாட்டாரா? சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன், வெட்கம் கெட்டவள் நான்.

அவர் தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? பேரன் பேத்தியப் பாத்துக்கிட்டு கௌரவமா இரு. எதுன்னாலும் அண்ணன் நான் இருக்கன்."

பந்தி மொத்தமும் தலையாட்டியது. தங்கமான மனுசன் என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். என் கணவரின் அண்ணன் அவர் இலையைப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு இன்னொரு வடை வைம்மா" என்றார். வைத்தேன்.