கண்ணாடியில் ஓடும் எண்ணும் பின்சீட்டு அக்காவும்: வெள்ளவத்தையில் இருந்து கொச்சிக்கடை வரை

போன மாதம் யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போனேன். கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்த வேண்டும். நேர்த்திக்கடன் என்னுடையதல்ல, வெள்ளவத்தையில் இருக்கும் அக்காவுடையது. போன வருடம் தெமட்டகொடையில் அத்தான் குனிந்து வேகத்தைப் பார்த்த நேரம், முன்னால் நின்ற ஓட்டோவில் கார் முட்டிவிட்டது. யாருக்கும் பெரிய காயமில்லை. ஆனால் அன்றிலிருந்து அக்கா முன்சீட்டில் ஏறுவதில்லை. பக்கத்தில் இருந்து ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்த மனுசி பின்னால் போய் உம்மென்று இருப்பது அத்தானுக்குப் பெரிய கவலை.

அக்காவைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவர அவர் பிடித்த வழிதான் ஹெட்-அப் டிஸ்பிளே. சின்னப் பெட்டி. டாஷ்போர்டில் வைத்தால் காரின் வேகத்தை முன்கண்ணாடியில் பச்சை எண்ணாகக் காட்டும். குனியத் தேவையில்லை. புதிய கார்கள் பலவற்றில் இது கூடவே வருகிறது. அத்தானுடையது பழைய கார், அதனால் தனியாக வாங்கிப் பூட்டியிருந்தார்.

அக்காவும் தன் பங்குக்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு செய்திருந்தார். அந்தப் பெட்டியின் மேலேயே பித்தளைப் பிள்ளையாரை ஒட்டிவிட்டார்! கண்ணாடியில் பிள்ளையார் தெரிந்தார், வேகம் தெரியவில்லை. அத்தான் அவரைக் கழற்றி டாஷ்போர்டின் நடுவில் வைக்க, அக்காவின் முகம் ஒரு முழம் நீண்டது.

செவ்வாயில் கொச்சிக்கடையில் சனம் நெரியும் என்பதால் புதன்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினோம். ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். நான் முன்னால், அக்கா பின்னால். கடற்கரை வீதியில் வெயில் கூசியது. அத்தான் கூலிங் கிளாஸைப் போட்டார். உடனே எண் மறைந்துவிட்டது. பெட்டியைத் தட்டினார், தலையைச் சரித்தார். என்ன மாயம் என்று நானும் அவர் பக்கம் சாய்ந்து கண்ணாடியைப் பார்த்தேன்.

"இஞ்சாருங்கோ! வண்டில்!"

அக்காவின் சத்தத்தோடு பிரேக்கும் விழுந்தது. ஆட்கள் வீதியைக் கடக்கும் மஞ்சள் கடவையில் அன்னாசி வண்டில் தள்ளிய மனிதர் எங்கள் பொனட்டுக்கு ஒரு முழத்தில் நின்றார். "ஹெமின் யன்ன, மஹத்தயா" என்று சிங்களத்தில் மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு அவர் தன்பாட்டில் தள்ளிக்கொண்டு போனார். அத்தான் கூலிங் கிளாஸைக் கழற்றி டாஷ்போர்டில் போட்டார்.

"எண்ணைத் தேடினனீங்களோ, ரோட்டைப் பார்த்தனீங்களோ?" என்று அக்கா கேட்டார்.

கோவிலில் அக்கா கொளுத்திய திரிகளுக்குப் பக்கத்தில் அத்தானும் ஒன்று கொளுத்தினார். அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இனிமேல் அக்கா பஸ்ஸில்தான் வருவார் என்று நானும் நினைத்தேன்.

காருக்குத் திரும்பி வந்து பார்த்தால் அக்கா முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டிருக்கிறார். என்னைப் பின்னால் போகச் சொன்னார்.

"பின்னுக்கிருந்து கத்துறதைவிட முன்னுக்கிருந்து பார்க்கிறது நல்லது."

"அங்கையிருந்து உமக்கு எண் தெரியாது" என்றார் அத்தான், நம்ப முடியாமல்.

"எனக்கு என்னத்துக்கு எண்? நான் ரோட்டைப் பார்க்கிறன்."

இந்தப் பெட்டியைப் பூட்ட நினைப்பவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். சிலவகைக் கூலிங் கிளாஸ், கண்கூச்சத்தோடு சேர்த்து எண்ணையும் மறைத்துவிடும். பெட்டியை வாங்க முன் உங்கள் கிளாஸைப் போட்டுப் பாருங்கள். வேகம் மட்டும் காட்டினால் போதும், பெட்டி வேறு ஏதும் காட்டினால் அதையெல்லாம் நிறுத்திவிடுங்கள். இரவில் எண்ணின் வெளிச்சத்தைக் குறையுங்கள். எண் தெரியாவிட்டால் தெரியாமலே இருக்கட்டும், ஓடும் காரில் அதைத் தேட வேண்டாம்.

பெட்டி உருப்படியான சாமானா என்று கேட்டால், ஓம் என்றுதான் சொல்வேன். திரும்பும் வழியில் காலிமுகத்திடல் தாண்டும்போது அக்கா நடுவில் இருந்த பிள்ளையாரைக் கழற்றித் தன் சீட்டுக்கு நேரே ஒட்டினார். "இவர் என்ரை பக்கம் இருக்கட்டும். பெட்டியை நீங்கள் வைச்சிருங்கோ" என்றார். பிறகு வெள்ளவத்தை வரும்வரை அவர் கதையை நிறுத்தவேயில்லை.