முறுக்குப் போதாது என்றேன்

பொய் சொன்னேன். வெள்ளைக்காரத் துரையின் இங்கிலீஷைத் தமிழில் சொல்வதாகப் பாவனை செய்து, என் சிநேகிதன் அந்தோணியின் முகத்தைப் பார்த்தே பொய் சொன்னேன். வாய் தவறிவிட்டதென்று நினைக்காதீர்கள்... தெரிந்தேதான் சொன்னேன்!

யுத்த காலம். பெங்களூர் தண்டில், பட்டாளம் இருந்த கண்டோன்மெண்ட் பகுதியில், ஒரு பட்டறைக்குத் தொழில் பழக ஓர் ஆள் எடுத்தார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் நாங்கள் இருவர். ரப்பர் விசையில் ஓடும் சிறு வண்டியை ஆளுக்கொன்று செய்து வரவேண்டும். யார் வண்டி அதிக தூரம் போகிறதோ அவனுக்கே வேலை. அந்தோணியின் அப்பா படுத்த படுக்கை. இந்த வேலை கிடைத்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். எனக்கு இது தெரியாதா? தெரியும்!

அவன் வண்டி அவ்வளவு அழகு. தகர மூடிச் சக்கரங்கள்; சைக்கிள் டியூபைக் கத்தரித்து எடுத்த ரப்பரை இழுத்துப் பின் அச்சில் சுற்றியிருந்தான். வெள்ளோட்டம் விட்டான். வழவழவென்ற சிமெண்டுத் தரையில் பின்சக்கரங்கள் கிர்ரென்று நின்ற இடத்திலேயே சுழன்றன. வண்டி ஒரு முழம்கூட நகரவில்லை.

தேர்வு வைத்த துரை குனிந்து பார்த்தார். அச்சில் முறுக்கு அதிகம், தரையில் பிடிப்புக் குறைவு. சுற்றைக் குறைக்கச் சொல், இல்லையென்றால் பின்சக்கரத்துக்கு மேலே பாரம் வைக்கச் சொல் என்றார், இங்கிலீஷில்.

அந்தோணிக்குத் தமிழும் கன்னடமும் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ்தான் வராது. என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"தொரை இன்னாடா சொல்றாரு?"

"முறுக்குப் போதலையாம். இன்னும் இறுக்கிச் சுத்தணுமாம்."

ஒரே சொல்லைத்தான் புரட்டினேன்... ஒரே சொல்!

பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினான். ரப்பர் விறைத்தது. 'டேய், நிறுத்து' என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. ஏன் சொல்லவில்லை? வேலை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்! அந்தோணி வண்டியை விட்டான். சக்கரங்கள் வெறிபிடித்தாற்போல் சுழன்றன. வண்டி குலுங்கிப் பக்கவாட்டில் திரும்ப, ரப்பர் பட்டென்று அறுந்தது.

என் வண்டி எதிர்ச்சுவர் வரை போயிற்று.

அவனுடையது ஏன் ஓடவில்லை என்று துரை என்னைக் கேட்டார். சொன்னேன், ஐயா! ரப்பர் அச்சை முறுக்குகிறது. சக்கரம் தரையைப் பின்னே தள்ள, தரை வண்டியை முன்னே தள்ளவேண்டும். தள்ளுகிற விசை உராய்வின் எல்லையை மீறினால் சக்கரம் வழுக்கி வீணே சுழலும்... அத்தனையும் சுத்தமான இங்கிலீஷில்! துரை என் முதுகில் தட்டினார். வேலை எனக்குத்தான் என்றார்.

அந்தோணி பக்கத்திலேயே நின்றான். ஒரு வார்த்தை புரியாமல், நான் பேசுகிற அழகைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றான். பாவி, நான்!

வெளியே வந்ததும் கேட்டான்: "என்னப் பத்தியும் நாலு வார்த்த நல்லதா சொன்ன இல்ல?"

"சொன்னேன்டா."

"எனக்குத் தெரியும்டா," என்று என் தோளில் கை போட்டான். எங்கள் வீடுகள் இருந்த அல்சூர் போய்ச் சேரும்வரை அந்தக் கையை எடுக்கவேயில்லை. நானும் சொல்லவேயில்லை... இன்றுவரை.