மஞ்சள் தூள் போட்ட ரேடியேட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் காரை விலைக்குப் பார்க்க ஒரு தம்பதி வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பேப்பர் எடுக்க வெளியே வருகிறேன்... வண்டிக்கு அடியில் பச்சை நிறத்தில் ஒரு சின்னக் குளம்.

கூலன்ட்.

இத்தனை வருஷமாக ஒரு சொட்டு சிந்தாத வண்டி. விற்கப்போகிற வாரம் பார்த்துத்தானா ஒழுக வேண்டும்?

ஆனையூரில் எங்கள் தெருமுனையிலேயே ஒரு மெக்கானிக் இருக்கிறார். வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். ரேடியேட்டர் ஓரத்தில் கசிகிறது, மாற்றிவிடுவதுதான் சரி என்றார். புதுசு வர நாலைந்து நாள் ஆகுமாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருகிறார்களே என்று இழுத்தேன். அவசரத்துக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ‘ஸ்டாப் லீக்’ என்று ஒரு பாட்டில் கிடைக்கும், இன்ஜின் ஆறின பிறகு ரேடியேட்டரில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் கசிவை அடைத்துக்கொள்ளும் என்றார். ஆனால் அதை நம்பி ரொம்ப நாள் ஓட்டக் கூடாது. ஓட்டையோடு சேர்த்துத் தண்ணீர் போகிற வழியையும் அடைத்துவிடும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

வாங்கினேன். ஊற்றினேன். ஓடவிட்டேன். அட... நின்றேவிட்டது! சனிக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்ததில் என் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. தரை காய்ந்து கிடந்தது.

பெருமை தாங்காமல் என் மனைவி ராஜாத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் காலி பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தாள்.

“மஞ்சத்தூள் வாசம் வரலையே?” என்றாள்.

அவ்வளவுதான். நான் முப்பது வருஷம் பின்னால் போய்விட்டேன்.

அப்போது விளாங்குடியில் வாடகை வீடு. கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் இருக்கும். செல்லூரில் ஒரு பெரியவர் தன் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். வெள்ளை நிறம், உருண்டை முகம், ரெக்சின் சீட். பெரியவர் ஒருமுறை ஹாரன் அடித்துக் காட்டினார். நான் விழுந்துவிட்டேன். காபி கொடுத்தார்கள். அந்த வண்டியில் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கெங்கே போனார் என்று சொன்னார். சாவியைக் கொடுக்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது... யாரோ பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி.

முதல் பயணம் எங்கே? ராஜாத்தியின் அம்மா வீட்டுக்குத்தான். கீழக்குயில்குடி. நிலபுலன் உள்ள குடும்பம். டவுனில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை மேல் அவர்களுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அந்த அபிப்பிராயத்தை மாற்றத்தான் நான் அயர்ன் செய்த சட்டை போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். ராஜாத்தி முன் சீட்டில், ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, கனகாம்பரமும் மல்லிகையுமாக.

நாகமலை புதுக்கோட்டை தாண்டியதும் சூட்டைக் காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. ஏறட்டும், வந்துவிட்டோம் என்று மிதித்தேன். சமணர் மலை தெரிந்தது. தாமரைக்குளம் தெரிந்தது. மாமனார் வீட்டு வாசல் தெரிந்தது. அதன் பிறகு எதுவும் தெரியவில்லை — பானட்டிலிருந்து அப்படி ஒரு ஆவி.

காருக்குச் சுற்றிப்போட ஆரத்தித் தட்டோடு வந்த மாமியார் தட்டோடு பின்வாங்கினார். தெருவே கூடிவிட்டது. ராஜாத்தியின் அண்ணன், என் பெரிய மச்சான், டிராக்டர் ஓட்டுகிறவர். சூடு தணியக் காத்திருந்து, ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே மஞ்சள் நிறத்தில் கொழகொழவென்று ஒரு குழம்பு.

“மாப்ள, இது ரேடியேட்டரா, சாம்பார் சட்டியா?” என்றார்.

சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கொட்டி அடைப்பது அந்தக் கால டிரைவர்களின் கைவைத்தியம் என்று மச்சான் எல்லோருக்கும் விளக்கினார். விற்றவன் உங்கள் மாப்பிள்ளையை ஏமாற்றிவிட்டான் என்பதை எவ்வளவு சந்தோஷமாக விளக்க முடியுமோ அவ்வளவு சந்தோஷமாக.

எனக்குத் தலை நிமிரவில்லை. ராஜாத்தி மட்டும் அசரவே இல்லை. “எங்க வண்டி. கொதிச்சா கொதிச்சுட்டுப் போகுது” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து தானே ஊற்றினாள். என்ன தைரியம் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் செல்லூருக்குச் சண்டை போடப் போனேன். நான் ஏதாவது எசகுபிசகாகப் பேசிவிடுவேன் என்று அவளும் கூடவே வந்தாள். பெரியவர் கதவைத் திறந்ததும் எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் பின்னால் நின்ற காரைத்தான் பார்த்தார். நான் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

“ஆமா தம்பி, மஞ்சத்தூள் போட்டேன். சொன்னா நீங்க வாங்கியிருக்க மாட்டீங்க.”

யோசித்து யோசித்துத் தயார் செய்துகொண்டு போன வசனம் எல்லாம் மறந்துவிட்டது. ராஜாத்திதான் பேசினாள்.

“சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்போம்யா. இவரு ஹாரன் சத்தம் கேட்டப்பவே முடிவு பண்ணிட்டாரு.”

பெரியவர் அவளைப் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தனக்குத் தெரிந்த பட்டறைக்கு வழி சொன்னார். ரேடியேட்டரைக் கழற்றி, மஞ்சளைக் கழுவி, ஈயம் வைத்து அடைத்து, திரும்ப மாட்டும் வரை வெயிலில் நின்றார். அதன் பிறகு விளாங்குடிப் பக்கம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் தலைகாட்டுவார். பானட்டைத் திறந்து பார்ப்பார். காபி குடிப்பார். போய்விடுவார்.

அந்தக் கார் எங்களோடு ரொம்ப காலம் இருந்தது. டிக்கியில் எப்போதும் ஒரு தண்ணீர் கேன். கோடையில் எங்கே போனாலும் வழியில் யார் வீட்டுக் கதவையாவது தட்டித் தண்ணீர் கேட்க வேண்டும். கேட்ட இடத்தில் எல்லாம், “நீங்க குடிச்சீங்களா?” என்று ஒரு சொம்பு எங்களுக்கும் வரும். என் மகள் வழியில் குடித்த மோருக்குக் கணக்கே கிடையாது. இப்போதைய கார்களுக்குத் தாகமே எடுப்பதில்லை. நாமும் யார் வீட்டிலும் இறங்குவதில்லை...

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

பேரம் பேசப் பெரிய மச்சானை வரச் சொல்லியிருந்தேன். பாட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவர் என் தோளைத் தட்டினார். “கேட்டா சொல்லுவோம் மாப்ள. கேக்காட்டி நாமளா ஏன் சொல்லணும்?” அன்றைக்குச் சாம்பார் சட்டி என்று சிரித்த அதே மச்சான்தான். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

தம்பதி வந்தார்கள். சின்ன வயசு. கணவர் டயரைப் பார்த்தார், பானட்டைத் திறந்து கூலன்ட் அளவைப் பார்த்தார், மூடினார். எதுவும் கேட்கவில்லை. புதிதாக லைசென்ஸ் எடுத்திருந்த அந்தப் பெண் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரி செய்துகொண்டே, பொங்கலுக்குத் தூரத்து ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு இதிலேயே போய்விடலாம் என்று கணவரிடம் சொன்னாள்.

காபித் தட்டோடு வந்த ராஜாத்தி அப்படியே நின்றாள்.

“ஏம்மா, இதுல ரேடியேட்டர் ஒழுகுது. மருந்து ஊத்தி அடைச்சு வச்சிருக்கோம். மாத்தாம அம்புட்டு தூரம் போயிராதீங்க.”

மச்சான் திரும்பிக்கொண்டு காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தார். தம்பதி தள்ளிப் போய் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். காபி குடித்தார்கள். போன் பண்ணுகிறோம் என்றார்கள். மறுநாள் மெசேஜ்தான் வந்தது — வேறு வண்டி அமைந்துவிட்டதாம்.

சொன்னால் வாங்க மாட்டார்கள். செல்லூர்ப் பெரியவர் சொன்னது சரிதானே? இதை ராஜாத்தியிடம் சொன்னேன், கொஞ்சம் எரிச்சலோடுதான்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வாங்காட்டிப் போகட்டும். அந்தப் புள்ள அம்மா வீட்டு வாசல்ல போய் அப்படி நிக்காதுல்ல.”

முப்பது வருஷமாக, அன்றைக்கு அந்த வாசலில் அவமானப்பட்டது நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குடத்துத் தண்ணீரை ஊற்றியபோது அவள் முகத்தை நான் பார்த்தேனா? பார்த்த ஞாபகமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் கீரை ஆய ஆரம்பித்தேன்.

புது ரேடியேட்டர் வந்து, மாட்டியாகிவிட்டது. வண்டி இன்னும் விற்பனைக்குத்தான் இருக்கிறது... ஏ.சி. மட்டும் கொஞ்சம் சுமார்.