பூவாயி பேசிய டேனிஷ்

பூவாயிக்கு நான்கு மொழிகளில் திட்டு வாங்கிய அனுபவம் உண்டு. தமிழில் கணவனிடம், மலையாளத்தில் ஏஜெண்டிடம், இந்தியில் டிரைவரிடம், அரபியில் முதல் வீட்டு எஜமானியிடம். ஐந்தாவதாக வந்த டேனிஷில் மட்டும் யாரும் அவளைத் திட்டவில்லை. அதில் அவளுக்குக் கிடைத்தது ஒரு பழமொழி.

துபாயில் ஜுமைராவில் அந்த டேனிஷ் வீடு. கிர்ஸ்டன் மேடம் குரலை உயர்த்தவே மாட்டாள். அவள் கணவர் ஏதோ கம்பெனியில் பெரிய அதிகாரி. பூவாயியின் பாஸ்போர்ட் அவருடைய மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. 'பத்திரத்துக்காக' என்றார்கள். யாரிடமிருந்து பத்திரம் என்பதைச் சொல்லவில்லை.

2007 மே மாதம் மகள் சந்தியா பிளஸ் டூவில் ஆயிரத்து எண்பத்தொரு மார்க் வாங்கினாள். இன்ஜினியரிங் கவுன்சலிங் ஜூலை பதினெட்டில், சென்னையில். அப்பன் பன்னீர்செல்வமோ தன் அக்காள் மகனுக்கு அவளைக் கட்டிவைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ வந்தாத்தாம்மா எனக்கு சீட்டு. இல்லேன்னா அப்பா பத்திரிகை அடிச்சிருவாரு" என்றாள் சந்தியா போனில்.

ஒப்பந்தப்படி வரவேண்டிய லீவு பதினொரு மாதம் பிந்தியிருந்தது. பூவாயி கேட்கும்போதெல்லாம் மேடம் அவள் தோளில் கைவைத்து, ஆகஸ்டில் தாங்கள் ஊருக்குப் போகும்போது நீயும் போகலாம் என்பாள். கூடவே, "டேர் எர் எங்ஙன் கோ போ ஈசன்" என்று புன்னகைப்பாள். இல்லை என்று சொல்லாமலே இல்லை என்பதற்கு நல்ல வளர்ப்பு வேண்டும்.

மூன்றாம் முறை பூவாயி அர்த்தம் கேட்டாள். மேடத்துக்கு ஒரே மகிழ்ச்சி. ஐஸ் தட்டை எடுத்து மேடைமேல் வைத்து, உப்புக் குடுவையைப் பசுவாக்கி நடத்திக் காட்டினாள். குளிர்காலத்தில் குளம் உறைந்திருக்கும். பசு அதன்மேல் ஏறினால் ஐஸ் உடைந்துவிடும். அப்போது ஓட வேண்டியதுதான். ஏறவில்லையா? பதற்றமே வேண்டாம். 'ஐஸ் மேல் பசு இல்லை.' டேனிஷிலும் பசுவுக்குக் 'கோ' என்றுதான் பெயராம். இதை வைத்தே டேனிஷ் மொழி தமிழின் பேத்தி என்று நிறுவி விழா எடுக்கக்கூடியவர்கள் நம்மிடையே உண்டு. பூவாயிக்கு அந்த வேலையெல்லாம் இல்லை.

"மாடு யாரோடது மேடம்?" என்று கேட்டாள்.

மேடத்துக்குத் தெரியவில்லை. அதை யாரும் இதுவரை கேட்டதில்லையாம்.

பூவாயி பழமொழியை உருப்போட்டாள். பால் பொங்கி வழிந்தபோது சொன்னாள். அது தப்பு, பசு ஏற்கனவே ஐஸில் என்று மேடம் திருத்தினாள். மழையே பெய்யாத ஊரில் குடையைத் தேடிய மேடத்தின் தோழியிடம் சொன்னாள். அது சரியாம், கைதட்டினார்கள். அதன்பிறகு விருந்தாளிகள் முன்னால் அவளைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வது வழக்கமாயிற்று. பஞ்சவர்ணக்கிளிக்குக்கூட சொன்னால் ஒரு பழம் கிடைக்கும்.

பக்கத்து வில்லாவில் சமையல் செய்யும் கீழக்கரை ரஹீமா பீவியிடம் மதில் ஓரமாக நின்று சொன்னாள்: "மாட்டுக்காரன் எவனும் இந்தப் பழமொழியச் சொல்லியிருக்க மாட்டான்க்கா. அடுத்தவன் மாடுன்னாத்தான் பதற்றம் வராது."

"உங்க கருப்பசாமிக்கு நேந்துக்கிடேன் புள்ள."

"அவருக்குப் பாஸ்போர்ட் யாரு குடுப்பா? வெள்ளிக்கிழமை பதினாலு பேருக்கு விருந்து. சாரோட முதலாளியும் வர்றாரு. நான் அடுப்பப் பத்தவைக்கப் போறதில்ல."

ரஹீமா பீவி வாயைப் பொத்திக்கொண்டாள். "அடியே, விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவாங்கடி!"

"அனுப்பட்டும். நான் கேக்கறதும் அதைத்தானே?"

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. மேடம் சமையலறைக்குள் வந்தபோது அடுப்பு குளிர்ந்து கிடந்தது. வெங்காயம் உரிக்கவில்லை, மீன் ஃப்ரீசரில். பூவாயி ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"பூவாயி! ஒரு மணிக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள்!"

பூவாயி எழுந்து, மேடம் தோளில் மெதுவாகக் கைவைத்தாள். "டேர் எர் எங்ஙன் கோ போ ஈசன், மேடம்."

மேடம் பழக்கதோஷத்தில் சிரித்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"இது விளையாட்டில்லை!"

"எனக்கும் இல்ல மேடம். டாட்டர் காலேஜ், ஜூலை எய்ட்டீன். ஆகஸ்ட் வந்தா கல்யாணம், காலேஜ் மாஃபி, நோ காலேஜ். உங்க மாடு ஒரு மணிக்கு ஐஸ்ல ஏறுது. என் மாடு ரெண்டு மாசமா அங்கதான் நிக்குது."

மேடம் முதன்முறையாகக் குரலை உயர்த்தினாள். விசாவை ரத்து செய்துவிடுவேன் என்றாள். "ஓகே மேடம், டுடே?" என்று கேட்டாள் பூவாயி ஆசையாக. சத்தம் கேட்டுச் சார் வந்தார். மனைவி சொன்னதைக் கேட்டார், கடிகாரத்தைப் பார்த்தார், ஃப்ரீசரைப் பார்த்தார். முதலாளிக்குப் பயப்படுகிற மனிதன் எந்த நாட்டிலும் சட்டென்று நியாயம் புரிந்துகொள்வான். மாடியேறிப் போய்ப் பாஸ்போர்ட்டோடு இறங்கி வந்தவர், அவள் கண்ணெதிரிலேயே டிராவல்ஸுக்குப் போன் போட்டார். ஜூலை பதினான்கு, திருச்சி.

"ரிட்டர்ன் எந்தத் தேதிக்கு?" என்று போனைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"பொண்ணு காலேஜ்ல சேரட்டும் சார். அப்புறம் நானே போன் பண்றேன்."

பாஸ்போர்ட்டை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று விருந்தாளிகள் மூன்றரை மணிக்குச் சாப்பிட்டார்கள். மீனில் காரம் ஒரு கை தூக்கல்.