அடுப்பில் வைத்த ஈயச் சொம்பு

செம்பூரில் மகன் வீட்டு ஹாலில், கண்ணாடி அலமாரிக்குள், தனி விளக்கின் கீழ் ஓர் ஈயச் சொம்பு இருக்கிறது. வருகிறவர்கள் ‘ஹேண்ட்மேடா?’ என்று கேட்டு அதன் சுத்தியல் தழும்புகளை உற்றுப் பார்க்கிறார்கள். அதில் ரசம் வைப்பது உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

அறுபதுகளின் நடுவில் மாட்டுங்காவில் எங்களுக்கு ஒன்றரை அறை. கேஸ் அடுப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவி பிரசவத்துக்குப் பாலக்காடு கிளம்பினாள். கல்யாணத்தின்போது அவள் அம்மா கொடுத்த ஈயச் சொம்பு என் பொறுப்பில் வந்தது. வெள்ளீயத்தைக் கையால் தட்டிச் செய்தது; வாய் சற்றே கோணல். ரயில் ஜன்னல் வழியாக அவள் கடைசியாகச் சொன்னது அதைப் பற்றித்தான்.

“முதல்ல புளி ஜலம், அப்பறம்தான் தீ. வெறுமன வெச்சா உருகிடும். மறக்காதேங்கோ.”

என்னிடம் இதைச் சொன்னாள். ஒரு படி விட்டுப்போன கோப்பைத் திருப்பி அனுப்புவதுதான் அலுவலகத்தில் என் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரசம் வைக்க ஆசை வந்தது. கேஸ் கம்பெனிக் கையேட்டின்படி ரப்பர் குழாயைச் சோதித்தேன். ஜன்னலைத் திறந்தேன். தீக்குச்சியைக் கிழித்த பிறகே திருகைத் திருப்பினேன். சொம்பை வைத்தேன். கரைத்த புளியை எடுக்கத் திரும்பினால் வாசலில் கீழ்வீட்டு மாமி, ரேஷன் கார்டு விண்ணப்பத்துடன். மருமகள் பெயரைச் சேர்க்க வேண்டுமாம். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், பழைய கார்டில் பெயரை நீக்கியதற்கு யாரிடம் அத்தாட்சி வாங்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன்.

திரும்பி வந்தபோது அடுப்பில் சொம்பு இல்லை. பர்னரைச் சுற்றிப் பளபளவென்று ஒரு குட்டை.

பின்னாலேயே வந்த மாமி எட்டிப் பார்த்தாள். “ஃபாரம் ரொப்பத் தெரியறது, சொம்புல ஜலம் விடத் தெரியலையே உங்களுக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அவ வரதுக்குள்ள கிங்ஸ் சர்க்கிள்ல வேற ஒண்ணு வாங்கி வெச்சுடுங்கோ. நான் வாயைத் திறக்க மாட்டேன்,” என்றாள்.

வாங்கினேன். வாய் கொஞ்சம் கோணலாக வேண்டும் என்று கேட்டதில் கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஆறிப்போன ஈயக் கட்டியைக் காகிதத்தில் சுற்றி மேஜை இழுப்பறையில் வைத்தேன். ஆதாரத்தை அழிக்கக் கூடாது என்பது விதி.

சில மாதம் கழித்து அவள் குழந்தையுடன் வந்தாள். மறுநாள் காலை சொம்பை எடுத்து, விளிம்பில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினாள்.

“இது யாராத்துது?”

இழுப்பறையைத் திறந்து கட்டியைக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். மனதுக்குள் ஒரு விளக்கக் கடிதம் தயாராக இருந்தது, அவள் கேட்கவில்லை.

“சூட்டோட தொடலையே? கையைக் காட்டுங்கோ.”

காட்டினேன். பிறகு அவள் புதுச் சொம்பில் புளி ஜலத்தை விட்டு அடுப்பை மூட்டினாள். ரசம் பழைய மாதிரி இல்லை என்று அவளே சொன்னாள். பத்து வருஷம் போனால் சரியாகிவிடும் என்றாள். சரியாகத்தான் ஆயிற்று.

அந்தச் சொம்புதான் இப்போது விளக்கின் கீழ் இருக்கிறது. அவள் போன பிறகு அது அடுப்பேறவில்லை. உருகிவிடும் என்று மருமகளுக்குப் பயம், முன்னுதாரணம் நான்தான். பழைய கட்டி, என் மேஜையில் பென்ஷன் காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதுவும் ஹேண்ட்மேடா என்று போன வாரம் ஒருவர் கேட்டார். என் கைவேலைதான் என்றேன்.

ஒரு நாளாவது அந்தச் சொம்பில் ரசம் வைக்க வேண்டும் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். அலமாரிச் சாவியைத் தேடுகிறான். புளியை நான் காலையிலேயே ஊறப் போட்டுவிட்டேன்.