வெண்டலின் வலது கால்

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பிரசங்கம் செய்யும்போதும் லோர்னா குபிசெக்கின் பாதங்கள் சும்மா இருப்பதில்லை. இடது, வலது, இடது என்று தரையை மெல்ல மிதித்துக்கொண்டிருக்கும். நெப்ராஸ்காவின் சோளக்காட்டு நடுவே, புல்தரையில், வாலடியில் சிறு சக்கரம் கொண்ட வால்சக்கர விமானம் ஓட்டக் கற்றுத்தருகிறவள் அவள்.

"தரையைத் தொட்டதும் முடிஞ்சுதுன்னு நெனைக்காதே. அப்பத்தான் அது வேலையைக் காட்டும்," என்பாள். மூக்கு இடப்பக்கம் துளி விலகினாலும் உடனே, திசை திருப்பக் காலடியில் இருக்கும் இரண்டு மிதிகளில் வலதை அழுத்த வேண்டும். அசந்தால் வால் தலையை முந்திக்கொண்டு வந்து விமானத்தையே சுழற்றிவிடும்.

போன இலையுதிர் காலத்தில் அவளிடம் கற்றுக்கொண்டிருந்த வெண்டல் அப்படித்தான் பயத்தில் விறைத்துப்போய் இடது மிதியை மிதித்தான். முன் சீட்டில் அதோடு இணைந்த வலது மிதியை அவள் எவ்வளவு எதிர்த்து அழுத்தியும் முடியவில்லை. விமானம் சுழன்று வாய்க்காலில் கவிழ்ந்தது. அவள் பிழைத்தாள், அவன் பிழைக்கவில்லை. முதன்முதலாகத் தனியே பறந்து இறங்குகிறவரின் சட்டை முதுகைக் கத்தரித்து, பெயரெழுதி விமானக் கொட்டகைச் சுவரில் அறைவது அங்கே வழக்கம். வெண்டலின் துணி அங்கே இல்லை.

விமானத்தைச் செப்பனிட்டுப் பறந்த நாளிலிருந்து, தரை தொட்டதும் இடது மிதி தானாக உள்ளே போகிறது. கம்பிகளையெல்லாம் கழற்றிப் பார்த்தாயிற்று, ஒரு குறையுமில்லை.

"ஏன் லோர்னா இடது பக்கமே அமுக்குறீங்க?" என்று புதிதாகக் கற்க வந்த தீவனக்கடை க்ளென் கேட்டபோது, அவள் பாதங்கள் மிதிகளின் மேலேயே இல்லை. மிதிப்பது தான் இல்லை, வெண்டல்தான் என்று உண்மையைச் சொன்னாள்.

க்ளென் யோசித்தான். "பரவால்ல. என் பொண்டாட்டியும் நான் வண்டி ஓட்டுறப்ப பக்கத்துல உக்காந்து பிரேக் மிதிப்பா. பழகிக்கிறேன்."

பழகியும்விட்டான். அவன் தனியே பறக்க வேண்டிய நாளில், லோர்னா இறங்கிக்கொண்டு, காலி முன் சீட்டின் பெல்ட்டைப் பூட்டினாள். "வலது கால், வெண்டல். மறந்துடாதே," என்றாள். க்ளென் சிரிக்கவில்லை.

அவன் இறங்கும்போது பக்கக் காற்று அடித்தது. மூக்கு இடப்பக்கம் திரும்பியது. புல்லில் நின்ற லோர்னா வலது குதிகாலை மண்ணுக்குள் அழுத்தினாள். வால் ஆடியது, நிமிர்ந்தது, விமானம் நேராக வந்து நின்றது.

க்ளென் வெளிறிப்போய் இறங்கினான். "என் கால் வெறச்சுப்போச்சு, லோர்னா. நான் ஒண்ணுமே செய்யல. வலது மிதி அதுவா உள்ள போச்சு."

அவள் அவன் சட்டை முதுகைக் கத்தரித்தாள். பிறகு தன் சட்டையை வெளியே இழுத்து, அதிலும் ஒரு துண்டு வெட்டி, வெண்டல் என்று எழுதிப் பக்கத்தில் அறைந்தாள்.