மேலே நின்று பார்த்தால் மாடி இல்லை

மலையில் வக்கீல் தொழில் பார்ப்பது என்றால், குளிருக்குத்தான் கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறான் என்று ஊர் நினைக்கும், வழக்குக்குப் போட்டது என்று நாம் மட்டும் நினைத்துக்கொண்டிருப்போம்.

கீழ்நாட்டில் தொழில் பார்க்கும் சக பாவிகளே, உங்களுக்காவது வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு என்று ஏதாவது கிடைக்கும். ஐம்பதுகளின் கடைசியில் நான் கொடைக்கானல் பஜாரில் ஒரு ராவுத்தருடைய கயிற்றுக் கடைக்கு மேலே அறை பிடித்து போர்டு மாட்டினேன். வெள்ளைக்காரன் விட்டுப் போன பங்களாவை இடித்துக் கட்டுகிறவர்களும், புதுசாகக் காசு சேர்ந்து சரிவில் பங்களா எழுப்புகிறவர்களுமாக, மலை முழுக்கச் சாரம் நின்ற காலம். சாரம் நின்றால் ஆள் விழத்தான் செய்யும். விழுந்த ஆளுக்கு நஷ்டஈடு வாங்கித் தரச் சட்டம் இருக்கிறது என்று நம்பித்தான் நானும் பஸ் ஏறினேன்.

யார் வீட்டு ஆள்?

செண்பகனூர் பக்கம் ஒரு மில் முதலாளிக்குப் பங்களா எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே கலவைச் சட்டி சுமந்த சித்தாள் பேச்சியம்மாள், சாரத்துக் கயிறு இற்று அறுந்து, நின்ற பலகையோடு கீழே விழுந்தாள். உயிர் தப்பியது. வலது கை மட்டும் முழங்கைக்குக் கீழே கோணிக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு செம்புத் தண்ணீரைக்கூடத் தூக்க முடியாது. புருஷன் இல்லை. நஷ்டஈடு வந்தால் செண்பகனூரில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை போடலாம். வராவிட்டால் பாச்சலூரில் அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணி போடுகிற சோற்றையும் அண்ணி பேசுகிற பேச்சையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு கிடக்க வேண்டும். இதுதான் வழக்கு.

முதலில் அவள் யாருடைய ஆள் என்று காட்ட வேண்டுமே! கண்டிராக்டர் ராமலிங்கத்தைப் பார்க்கப் போனேன். வாய் நிறைய வெற்றிலை, நெற்றி நிறையப் பழனி விபூதி. "அய்யய்யோ, நம்ம ஆளு இல்லீங்க. மேஸ்திரி கூட்டியாந்த ஆளு" என்றார். மேஸ்திரியோ, "எனக்கென்ன சார் தெரியும்? கண்டிராக்டர் ஆள் வேணும்னாரு, வந்துச்சு" என்றான். மில் முதலாளி ஊட்டிக்குப் போயிருந்தார். கொடைக்கானல் குளிர் அவருக்குப் போதவில்லை போலிருக்கிறது. வாசல் வாசலாக ஏறி இறங்கிவிட்டு வந்து கடைப் படியில் பொத்தென்று உட்கார்ந்தேன். ராவுத்தர் ஆணியைத் தராசில் கொட்டிக்கொண்டே என் கதையைக் கேட்டார்.

"வேலை நடக்கிற வரைக்கும் ஆளாளுக்கு ஏ பேச்சி, வெரசா வா பேச்சின்னு தொண்டை கிழியக் கத்துனாங்க தம்பி. விழுந்ததும் பாருங்க, ஒருத்தனுக்கும் அவ பேரே தெரியலையாம்!"

சித்திரை மாதத்து மேகம்

சாட்சி வேண்டும். அவள் விழுந்தபோது அதே பலகையின் மறுமுனையில் நின்றவர் சுப்பையாக் கொத்தனார். பலகை சரிந்ததும் சவுக்குக் கம்பைக் கட்டிப்பிடித்துத் தொங்கிப் பிழைத்தவர். இதைவிட நல்ல சாட்சி எந்த வக்கீலுக்குக் கிடைக்கும்? வெள்ளனே எழுந்து அட்டுவம்பட்டிக்கு நடந்தேன். அவர் வீட்டு வாசலில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் என் கோட்டைப் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்கள்.

"அன்னைக்கு மேகம் எறங்கிருச்சு சார். பக்கத்துல நின்ன ஆளு தெரியல" என்றார் சுப்பையா. மற்றவர்களும் ஆமாம் ஆமாம், மேகம் என்றார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்யா, சித்திரை மாசம் உச்சி வெயில்ல மேகமா? உம்மைச் சம்மன் போட்டு இழுத்துக் கூண்டில் ஏத்துவேன், தெரியுமா?" என்று அந்தத் தெருவே கேட்கக் கத்தினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. என்னைத் தனியாக வேலியோரம் கூட்டிக்கொண்டு போனார்.

"நீங்க ஒரு நாளைக்கு வந்து சத்தம் போட்டுட்டுப் போயிருவீக சார். நான் நாளைக்கும் அந்தக் கண்டிராக்டர்கிட்டத்தான் சோலிக்குப் போகணும், அவரு கட்டச் சொன்ன கயித்துலதான் நிக்கணும்."

மாடி எங்கே?

நம் சட்டத்தின் அழகை இங்கே சொல்லியாக வேண்டும். கட்டட வேலையில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு கிடைக்க, அந்தக் கட்டடம் மாடி வைத்ததாக இருக்க வேண்டும், அல்லது தரையிலிருந்து முகடு வரை சட்டம் சொன்ன உயரமாவது இருக்க வேண்டும். குட்டைச் சுவரிலிருந்து விழுகிறவனுக்கு எலும்பு முறியாது என்று சட்டம் எழுதிய மகானுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கண்டிராக்டர் பக்கத்து வக்கீல் திண்டுக்கல்காரர். இந்த இடத்தை உடும்பாகப் பிடித்துக்கொண்டார். சரிவில் கட்டுகிற வீட்டுக்கு ரோட்டுப் பக்கம் நின்றால் வாசலும் ஓடும்தான் தெரியும். பின்பக்கம் பள்ளத்தில் இறங்கினால்தான் அடியில் இன்னொரு தளம் இருப்பதும், அதற்குக் கீழே கல் தூண்கள் நிற்பதும் தெரியும். "கனம் அதிகாரி அவர்களே, இது மாடியே இல்லாத வீடு. மேட்டில் நின்றபடியே சுவர் வைக்கலாம். சாரமே கட்டவில்லை" என்றார் அவர்.

நஷ்டஈட்டு அதிகாரி நேரில் பார்க்க வந்தார். குரங்குக் குல்லாயும் மப்ளருமாக, மூக்கு நுனி மட்டும் வெளியே இருந்தது. சாரத்தை என்றைக்கோ பிரித்துவிட்டார்கள். ஆனால் கீழ்த்தளத்தைப் பிரிக்க முடியாதே! பின்னால் இறங்கிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் ஈரப் புல்லைப் பார்த்து, "அட்டை இருக்குமோ?" என்றார். திண்டுக்கல்காரர் உடனே, "நிறைய இருக்குங்க ஐயா, ரத்தத்தை உறிஞ்சிப்புடும்" என்றார், பெற்ற தாயைப் போல. அதிகாரி ரோட்டில் நின்றபடியே எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். எனக்கு வயிறு எரிந்தது. கோணல் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஒதுங்கி நின்ற பேச்சியம்மாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மாடியும் இல்ல, சாரமும் இல்லன்னா, நான் எங்க இருந்து சார் விழுந்தேன்? வானத்துல இருந்தா?"

கஞ்சன் என்ற பட்டம்

மறுநாள் டிராவலர்ஸ் பங்களா கூடத்தில் விசாரணை. என் கையில் சாட்சி இல்லை, மாடி இல்லை, முதலாளி என்று ஒருவரும் இல்லை. ராமலிங்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பேச்சியம்மாள் என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார். கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுத் தீர்ந்துவிட்டது. இந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டடத்தில் ரத்தம் விழுந்துவிட்டால், விழுந்த இடத்திலேயே கண்டிராக்டர் தன் கையால் சேவல் அறுக்க வேண்டும். அறுக்காதவரிடம் ஒரு கொத்தனாரும் வேலைக்குப் போகமாட்டார். அதை மனதில் வைத்து, "உங்களுக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை என்கிறீர்கள். அப்படியானால், ராமலிங்கம் சரியான கஞ்சன், ஒரு சேவலுக்குக்கூட வக்கில்லாமல் வேலையைத் தொடர்ந்துவிட்டான் என்று பஜாரில் பேசுவது நிஜம்தானா?" என்று கேட்டேன். யோசித்துத் திட்டம் போட்டுக் கேட்டதாக இன்றுவரை எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். உள்ளபடிக்கு அது வெறும் வயிற்றெரிச்சல்.

திண்டுக்கல்காரர் ஆட்சேபணை சொல்ல எழுந்தார். அதற்குள் ராமலிங்கம் எழுந்துவிட்டார். முகம் செங்கல்லாகச் சிவந்துவிட்டது. "உட்காருங்க, உட்காருங்க" என்று வக்கீல் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்ததை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

"எவஞ் சொன்னான்? கீழ்த்தளத்துக்கும் கீழ, அட்டை கடிக்கக் கடிக்க எறங்கிப் போயி, சாரத்துக் கம்படியில நானே நின்னு சேவ அறுத்தேன்! என் ஆளு விழுந்த எடத்துல நான் அறுக்காம வேற எவன் அறுப்பான்?"

சட்டத்தின் கருணை

அதிகாரி அந்த வார்த்தைகளை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். நஷ்டஈடு உத்தரவானது. பணத்தை அதிகாரியிடம் கட்டச் சொல்ல, கண்டிராக்டரும் முனகிக்கொண்டே கட்டிவிட்டார். ஜெயித்தோம் என்று குதிக்காதீர்கள், நண்பர்களே. பெண்ணுக்கு வருகிற மொத்தப் பணத்தை அவள் கையில் நேராகக் கொடுக்கக் கூடாது, அவள் நன்மைக்கு எது சரியோ அதை அதிகாரி பார்த்துச் செய்யலாம் என்று அதே சட்டம் சொன்னது. மைனர் பிள்ளையையும் புத்தி சுவாதீனம் இல்லாதவரையும் நிறுத்திய வரிசையிலேயே பெண்ணையும் நிறுத்தியிருந்தார்கள்.

"பாவம், பெண்பிள்ளை. மொத்தமாகக் கொடுத்தால் யாராவது ஏமாற்றிவிடுவார்கள். போஸ்டாபீசில் போட்டு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்போம்" என்றார் அதிகாரி, நிஜமாகவே கனிந்துபோய். கொஞ்சம் கொஞ்சமாக வருகிற காசில் டீக்கடைக்குப் பாய்லரைப் பாதி பாதியாகவா வாங்க முடியும்? எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அவள் பாச்சலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு எழுந்து, தொண்டையைக் கனைத்தேன். அன்று சாயங்காலமே முழுப் பணமும் அவளுடைய இடது கைக்கு வந்து சேர்ந்தது என்னவோ வாஸ்தவம். ஆனால் போஸ்டாபீஸ் உத்தரவை எழுதப் போன அதிகாரியைப் பேனாவை மூட வைத்தது என் கனைப்பு இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாள் மேஜைக்கு முன்னால் போய் நின்று கேட்டதுதான்.

"கலவைச் சட்டியோட அந்தக் கம்புல ஏறுறப்ப, பொம்பளப் புள்ளையாச்சே, விழுந்துருவாளேன்னு என்னைய ஒருத்தரும் பிடிக்கலைங்க. இப்பக் காசை மட்டும் எதுக்குங்க இம்புட்டு இறுக்கிப் பிடிக்கிறீக?"

ஆக, என் வக்கீல் வாழ்க்கையில் ஜெயித்த வழக்குகள் எல்லாம் எதிராளி வாயைத் திறந்ததால் ஜெயித்தவை, அல்லது கட்சிக்காரர் வாயைத் திறந்ததால் ஜெயித்தவை; நான் வாயைத் திறந்து ஜெயித்தது ஏதாவது இருக்கிறதா என்று இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.